மோதிரம் கிடைத்த பிறகு என்ன நடந்தது?

‘பொன்னியின் செல்வ’னில் நந்தினியிடம் பனை இலச்சினை மோதிரம் இருக்கும். அதைக் காட்டினால் தஞ்சைக் கோட்டை வாசலில் தடுத்துக் கேட்க ஆள் கிடையாது. அவளை மணந்த பெரிய பழுவேட்டரையர் சோழ நாட்டின் தனாதிகாரி. வரி வசூலும் பொக்கிஷக் காவலும் அவர் பொறுப்பு. அப்பேர்ப்பட்ட வீட்டுக்கு இளைய ராணியாக வந்து அமர்ந்த நந்தினி, ஐந்து பாகங்களில் ஒரு நாளாவது வரிக் கணக்கைக் கேட்டுப் பார்த்தாளா? ஏரிக்கரை உடைந்துவிட்டது என்று ஓடி வந்த எவனுக்காவது ஓர் உத்தரவு போட்டாளா? பொக்கிஷ நிலவறை அவளுக்கு ரகசிய வழி. மோதிரம் சதிகாரர்களை உள்ளே விடும் சாவி. அவள் அதிகாரத்துக்கு வந்த கதையைக் கல்கி மூச்சு முட்ட முட்டச் சொன்னார். வந்த பிறகு பழிவாங்குவதைத் தவிர அவளுக்கு வேறு வேலை வைக்கவில்லை.

கல்கியைக் குறை சொல்ல நான் வரவில்லை. நந்தினி அவருடைய கற்பனை. அந்தக் கற்பனை இல்லாவிட்டால் என்னைப் போன்ற பெண்கள் பள்ளிக்கூட வயதில் ராத்திரி விளக்கடியில் உட்கார்ந்து படித்திருக்கவே மாட்டோம். என் வருத்தம் நந்தினிக்குப் பின்னால் வந்த வரிசையைப் பற்றியது. அரசவையில் ஒரு பெண் உயர்ந்தாள் என்றால் அவள் பேரழகியாக இருந்தாள், ஒரு கிழவரை மயக்கினாள், நெஞ்சில் வஞ்சம் வைத்திருந்தாள் என்றே நம் சரித்திர நாவல்கள் எழுதி எழுதிப் பழகிவிட்டன. நாமும் படித்துப் படித்துப் பழகிவிட்டோம். அந்தப் பழக்கம் புத்தகத்தோடு நின்றிருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன்.

ஊரக வளர்ச்சித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவள் நான். தென்மாவட்டங்களில் ஒன்றியம் ஒன்றியமாக மாறி, வட்டார வளர்ச்சி அலுவலராக வேலையை முடித்தேன். நான் பொறுப்பேற்ற ஓர் ஒன்றியத்தில் முதல் வாரமே ஒரு பெரியவர் சிரித்துக்கொண்டே, “இனிமே இங்க அல்லி ராஜ்ஜியம்தான்” என்றார். மதுரையை ஆண்ட அல்லி அரசாணியின் கதை எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரியும். ஆண் வாடையே ஆகாது என்று ஆண்டவள். அர்ச்சுனன் பாம்பாகி அவள் படுக்கையறைக்குள் புகுந்து, தூங்கிக்கொண்டிருந்தவள் கழுத்தில் தாலி கட்டினான் என்பது கதை. அவள் எப்படி ஆண்டாள், குடிகளுக்கு என்ன செய்தாள் என்று யாரைக் கேட்டாலும் தெரியாது. பாம்பு மட்டும் எல்லோருக்கும் நினைவிருக்கிறது.

1996-இல் தமிழ்நாட்டில் உள்ளாட்சித் தேர்தல் நடந்து, மூன்றில் ஒரு பங்கு இடங்களில் பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். அந்த முதல் அணியோடு வேலை பார்த்தவள் என்ற பெருமை எனக்கு உண்டு. 2016-இல் அந்த ஒதுக்கீடு பாதிப் பங்கானது. இத்தனை ஆண்டுகளில் ஒரு பெண் தலைவரைப் பற்றி ஊரில் முதலில் கேட்கப்படும் கேள்வி மாறவே இல்லை: “பின்னாடி யாரு?” கணவனா, கொழுந்தனா, ஒன்றியச் செயலாளரா? அவர் என்ன செய்தார் என்ற கேள்வி மிகவும் பிந்தி வரும். பல ஊர்களில் அது வருவதே இல்லை.

ஊராட்சிக் காசோலையில் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். ஒரு தலைவி இருந்தார். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனவர். பதவி ஏற்றுச் சில மாதங்கள் வரை, கணவர் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். ஒரு நாள் நான் தணிக்கைக்குப் போயிருந்தபோது கணவர் வெளியே டிவிஎஸ் ஃபிஃப்டியில் சாய்ந்து நிற்கிறார். உள்ளே பஞ்சாயத்து கிளார்க் காசோலைப் புத்தகத்தை நீட்டுகிறார். அந்த அம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு, “இது எதுக்குண்ணே? ரொக்கப் புத்தகத்தை எடுங்க. தீர்மானம் எந்தத் தேதின்னு வாசிச்சுச் சொல்லுங்க” என்றார். கிளார்க் என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் வாசித்தார். தேர்தலில் ஜெயித்த அன்றைக்கு இல்லாத அதிகாரம் அந்த நாளில்தான் அவர் கைக்கு வந்தது. அரசியாக உயர்ந்த பெண்ணின் கதையில் நான் தேடுவது இந்த இடத்தை. அது எந்த நாவலிலும் அகப்படவில்லை. நம் மண்ணின் சரித்திரத்திலோ அது தாராளமாகக் கிடக்கிறது.

மங்கம்மாளைச் சொல்கிறேன்.

மதுரை ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரே மங்கம்மாள் சத்திரம். வைகை வடகரையில் காந்தி நினைவு அருங்காட்சியகம் இருக்கும் தமுக்கம் மாளிகை அவர் தங்கியிருந்த அரண்மனை. மீனாட்சி கோயிலின் பொற்றாமரைக் குளக்கரையில் ஊஞ்சல் மண்டபத்து விதானத்தைக் கழுத்து வலிக்க நிமிர்ந்து பார்த்தால், மீனாட்சியின் செங்கோலை வாங்க நிற்கும் அவரது உருவம் தெரியும். மதுரைக்காரர்களுக்கு அவர் வீட்டு மனிதர் மாதிரி. நாயக்கர்களின் தலைநகரம் அவர் காலத்தில் திருச்சிராப்பள்ளி என்பதைக்கூட நாங்கள் எளிதில் ஒப்புக்கொள்வதில்லை. திருச்சியில் மலைக்கோட்டைக்கு அருகே அரசு அருங்காட்சியகம் இருக்கும் தர்பார் மண்டபமும் அவர் பெயரில்தான் வழங்குகிறது.

தமிழில் அவரைப் பற்றிய நாவல் என்றால் நா. பார்த்தசாரதியின் ‘ராணி மங்கம்மாள்’. நா.பா. பெண்ணைக் கொச்சைப்படுத்தி எழுதத் தெரியாதவர். மங்கம்மாளை மயக்குக்காரியாகவோ சூழ்ச்சிக்காரியாகவோ ஆக்காமல், அறிவும் ஈரமும் உள்ள அரசியாக வைத்தார். அதற்காக அவரை வணங்குகிறேன். ஆனாலும் அந்த நாவலை மூடி வைத்தபோது எனக்குப் பசி அடங்கவில்லை. அங்கே அரசியின் மனம் இருக்கிறது, மானம் இருக்கிறது. அவருடைய மேஜை, அதாவது தினசரி வேலை, கொஞ்சமாகத்தான் இருக்கிறது.

அவர் உயர்ந்த வழியைப் பாருங்கள். அவர் சொக்கநாத நாயக்கரின் மனைவி. கணவரின் ஆட்சியை ஒரு நீண்ட சரிவு என்றே சொல்ல வேண்டும். தஞ்சை நாயக்கர் விஜயராகவரின் மகளைப் பெண் கேட்டு, மறுக்கப்பட்டு, அதற்காகவே 1673-இல் சொக்கநாதர் தஞ்சை மீது படையெடுத்தார். தஞ்சை விழுந்தது. விஜயராகவர் களத்தில் மாண்டார், அவர் அந்தப்புரத்துப் பெண்கள் வெடிமருந்துக்கு இரையானார்கள் என்று மரபு சொல்கிறது. வென்ற தஞ்சையை வைத்துக்கொள்ளவாவது முடிந்ததா? அங்கே ஆள அனுப்பிய அழகிரி தனி ராஜாவாகிவிட்டார். மூன்று வருடம் ஆவதற்குள் மராட்டிய வெங்காஜி உள்ளே வந்து அதையும் பிடுங்கிக்கொண்டார். மேற்கே மைசூர்க்காரர்கள் நெருக்கினார்கள். 1678-இல் சொக்கநாதரையே இறக்கிவிட்டுத் தம்பியை உட்கார வைத்தார்கள். அதன்பின் ருஸ்தம் கான் என்ற குதிரைப்படைத் தலைவன் அதிகாரத்தைக் கையில் எடுத்துக்கொள்ள, மன்னர் தன் கோட்டைக்குள்ளேயே கைதி போல இருந்தார். பஞ்சமும் கொள்ளைநோயும் வேறு. 1682-இல் சொக்கநாதர் இறந்தார்.

இத்தனையும் நடந்தபோது மங்கம்மாள் அந்த அரண்மனையில் இருந்தார். கணவன் இன்னொரு பெண்ணுக்காக நடத்திய போரையும், அந்தப் போரின் செலவையும், வென்ற நாடு கை நழுவியதையும், நம்பியவர்கள் மாறியதையும் அருகிருந்து பார்த்தார். இருபது ஆண்டுப் பாடம் அது. எந்தத் தளவாயும் இதைவிட நன்றாகக் கற்றிருக்க முடியாது. ஆனால் நாவலாசிரியர்கள் இந்த இருபது ஆண்டை இரண்டு பக்கத்தில் தாண்டிவிடுவார்கள். காரணம், இதில் அவர் ஒன்றும் ‘செய்ய’வில்லை. பார்த்துக்கொண்டிருந்தார். என் அனுபவத்தில் நல்ல நிர்வாகி அப்படிப் பார்த்துக்கொண்டிருந்த ஆளிலிருந்துதான் வருகிறார்.

கணவர் இறந்ததும் அவர் உடன்கட்டை ஏறவில்லை. மகன் ரங்ககிருஷ்ண முத்துவீரப்பன் இளைஞன், நாடு சிதறிக் கிடந்தது, அவர் உயிரோடு இருந்தார். அந்த முடிவின் எடை தெரிய வேண்டுமானால் பக்கத்து நாட்டைப் பார்க்க வேண்டும். 1710-இல் ராமநாதபுரத்தின் கிழவன் சேதுபதி இறந்தபோது அவர் மனைவியர் 47 பேர் சிதையேறியதாக யேசு சபைப் பாதிரியார் ஒருவரின் கடிதம் சொல்கிறது. அப்படிப்பட்ட காலத்தில் ஓர் அரசி உயிரோடிருக்கத் தீர்மானித்ததே ராஜாங்க முடிவு. எத்தனை பேர் எப்படியெல்லாம் பேசியிருப்பார்கள்! ஒரு முழு அத்தியாயத்துக்கு உரிய இடம் இது.

மகன் ஏழு ஆண்டு ஆண்டான். 1689-இல் பெரியம்மையில் போய்விட்டான். அவன் மனைவி சின்ன முத்தம்மாள் அப்போது கர்ப்பிணி. தீயில் இறங்கத் துடித்த மருமகளை மாமியார் தடுத்தார். குழந்தை பிறந்தது, தாய் பிழைக்கவில்லை. சில மாதக் குழந்தையான பேரனுக்கு விஜயரங்க சொக்கநாதன் என்று பட்டம் கட்டி, அவன் பெயரில் மங்கம்மாள் ஆட்சியை ஏற்றார். ஏறக்குறைய 17 ஆண்டுகள். கணவர், மகன், மருமகள் மூவரையும் பறிகொடுத்த ஒரு பெண், கையில் கைக்குழந்தையோடு, கஜானா வற்றிய ஒரு நாட்டுக்குப் பொறுப்பேற்கிறார். இதற்கு மேல் எந்தக் கற்பனைச் சதி வேண்டும் நமக்கு?

இனி வேலைக்கு வருகிறேன்.

மகனைப் பற்றி எல்லோருக்கும் பிடித்த ஒரு கதை உண்டு. ஔரங்கசீப்பின் பழைய செருப்பை யானைமேல் அம்பாரியில் வைத்து ஊர் ஊராகக் கொண்டுவருவார்களாம், சிற்றரசர்கள் அதை வணங்க வேண்டுமாம். ரங்ககிருஷ்ணன் அந்தச் செருப்பைத் தன் காலில் மாட்டிக்கொண்டு, “ஒன்றுதானா, இன்னொன்று எங்கே?” என்று கேட்டு வந்தவர்களை விரட்டினான் என்பது கதை. நா.பா.வும் அதை நன்றாக எழுதினார். படிக்கிற எவருக்கும் மயிர்க்கூச்செறியும்.

அந்த மகனின் தாய் ஆட்சிக்கு வந்ததும் செய்தது நேர் எதிர். மொகலாயத் தளபதி சுல்பிகர் கான் தெற்கே வந்தபோது அவர் திறையும் விலையுயர்ந்த பரிசுகளும் அனுப்பினார். அனுப்பியதோடு நிற்காமல், தஞ்சை மராட்டியர் பிடித்து வைத்திருந்த சில இடங்களை அந்த உறவைக் கொண்டே திரும்பப் பெற்றார். செருப்பை மாட்டிக்கொண்டது வீரம் என்றால் இது என்ன? 1690-களில் மொகலாயப் படை செஞ்சிக் கோட்டையை ஆண்டுக்கணக்கில் முற்றுகையிட்டிருந்தது. அந்தப் படை திருச்சி வரைக்கும் வந்திருந்தால் ஊரில் யார் மிஞ்சுவார்கள்? கணவர் காலத்துப் பஞ்சத்தைக் கண்ணால் கண்டவர் பணத்தைக் கொடுத்துப் பயிரைக் காப்பாற்றினார். இதைக் கோழைத்தனம் என்று சொல்கிறவர்களோடு எனக்குக் கடுமையான சண்டை உண்டு. செருப்புக் காட்சிக்கு நாவலில் ஐந்து பக்கம் கொடுத்தால், எவ்வளவு கொடுப்பது, எந்தக் கஜானாவிலிருந்து எடுப்பது, யாரை அனுப்பிப் பேசுவது என்று அரசியும் தளவாயும் விடிய விடியக் கணக்குப் பார்த்த ராத்திரிக்கு ஐம்பது பக்கம் கொடுக்க வேண்டும்.

போர் செய்யத் தெரியாதவரும் அல்ல. திருவிதாங்கூரில் திறை வாங்கப் போன மதுரைப் படை கல்குளத்தில் சிக்கி அழிந்தது. 1697-இல் தளவாய் நரசப்பையாவை அனுப்பிப் பாக்கியையும் பீரங்கிகளையும் கொண்டுவரச் செய்தார். தஞ்சையின் எல்லைத் தொல்லை பெருகியபோது, கொள்ளிடத்தில் தண்ணீர் வற்றிய நேரம் பார்த்து அதே நரசப்பையா ஆற்றைக் கடந்தார். தஞ்சை பணம் கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டது.

அடுத்து நடந்ததை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆச்சரியம் அடங்குவதில்லை. மைசூரின் சிக்கதேவராயர் காவிரியின் குறுக்கே அணை போட்டார். கீழே தஞ்சையும் திருச்சியும் காய்ந்தன. நேற்று வரை வெட்டிக்கொண்ட இரண்டு நாடுகளும் தண்ணீருக்காகச் சேர்ந்து படை திரட்டின. படை போய்ச் சேர்வதற்கு முன்பே பெருமழை பெய்து அணையை அடித்துக்கொண்டு போய்விட்டது. வானமே வழக்கைத் தீர்த்துவைத்தது. ஆனால் ஒரு பெண் அரசி, தன்னிடம் தோற்றுப் பணம் கட்டிய பகைவனுக்கு ஆள் அனுப்பி, “வா, ஆற்றுக்காகச் சேர்ந்து போவோம்” என்று சொன்ன அந்தப் பேச்சுவார்த்தை நடந்தது நடந்ததுதான். காவிரிக்காக நாம் இன்றைக்கும் வழக்காடிக்கொண்டிருக்கிறோம். இந்த மண்ணில் பிறந்த எழுத்தாளருக்கு இதைவிடப் பெரிய நாவல் பொருள் எது?

எல்லாப் போரிலும் வெல்லவும் இல்லை. 1702-இல் கிழவன் சேதுபதியின் மீது அனுப்பிய படை தோற்றது. நரசப்பையா அங்கே உயிர் விட்டார். ராமநாதபுரம் அத்தோடு கை விட்டுப்போனது. வலக்கை போன்ற தளவாயை இழந்த அரசியின் அந்த வாரம் எப்படி இருந்திருக்கும் என்று ஒரு நாவல் சொல்ல வேண்டும். தோற்ற உத்தரவிலும் கையெழுத்து அவருடையதுதானே.

சின்ன வழக்கு ஒன்றையும் சொல்ல வேண்டும். மதுரையில் பட்டுநூல்காரர்கள் என்று அழைக்கப்பட்ட சௌராஷ்டிர நெசவாளர்கள் பதினெட்டுப் பேர், பிராமணர்க்குரிய உபாகர்மச் சடங்கைச் செய்தார்கள் என்று கைது செய்யப்பட்டார்கள். மங்கம்மாள் பண்டிதர்களைக் கூட்டி, நூல்களைப் பார்க்கச் சொல்லி, விசாரித்து, நெசவாளர்களுக்குச் சாதகமாக ஓலை கொடுத்தார். யாருக்கு எந்தச் சடங்கு என்று அரசு தீர்மானிக்கும் உலகம் நமக்கு வேண்டாம். ஆனால் நடைமுறையைக் கவனியுங்கள். கைது செய்த அதிகாரியின் வார்த்தையை அப்படியே ஏற்காமல், மாற்றுத் தரப்பைக் கேட்டு, கூட்டம் போட்டு, முடிவை எழுத்தில் கொடுத்திருக்கிறார். என் பணிக்காலம் முழுவதும் இந்த மூன்றையும் செய்யாத மேலதிகாரிகளை நான் பார்த்திருக்கிறேன்.

அதே காலத்தில், ஆவூரில் மாதா கோயில் கட்டிய புஷே அடிகளார் திருச்சியில் தளவாயைப் பார்க்க வந்தார். கொண்டுவந்த பரிசுகளில் நாடுகளின் பெயர்களும் கடல்களின் பெயர்களும் தமிழில் எழுதப்பட்ட ஓர் உலக உருண்டை இருந்தது. அதை நாவலாசிரியர் அரசியின் அறைக்குக் கொண்டுபோகலாம். அதற்கு அவருக்கு உரிமை உண்டு. பத்து வயதுப் பேரனும் பாட்டியும் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்க்கட்டும். “இதில் நம்ம ஊர் எங்கே பாட்டி?” என்று பிள்ளை கேட்கட்டும். தூத்துக்குடி முத்துக் கடலில் ஏற்கெனவே டச்சுக்காரர்கள் வந்து உட்கார்ந்திருக்க, அந்தப் பாட்டி எதைத் தேடியிருப்பார் என்று எழுத்தாளர் நமக்குச் சொல்லட்டும். கற்பனை தேவைப்படுவது இப்படிப்பட்ட இடங்களில்.

நம் வாய்மொழி அவரைப் பற்றிச் சொல்வது என்ன? இடக்கையால் தாம்பூலம் போட்டுவிட்டாராம். அந்தப் பாவம் தீரப் பெரியவர்களைக் கேட்டாராம். அவர்கள் சொன்னபடி சாலை போட்டு, மரம் நட்டு, சத்திரம் கட்டினாராம். சிறு வயதில் என் அம்மாச்சி இதைச் சொல்லும்போது நானும் கண் விரியக் கேட்டிருக்கிறேன். ரோடு போட்ட வேலையில் காலம் தள்ளிய பிறகு அதைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. ஒரு மெட்டல் ரோட்டுக்கு இடம் பார்த்து, ஓவர்சியரோடு அளந்து, எம் புக்கில் ஏற்றி, ஆள் பிடித்துப் போட்டு முடிப்பதற்குள் என்ன பாடு என்று எனக்குத் தெரியும். மதுரையிலிருந்து கன்னியாகுமரிப் பக்கம் போன நெடும்பாதையை மங்கம்மாள் சாலை என்று இன்றும் ஜனங்கள் சொல்கிறார்கள். வழிநெடுக நிழல் மரம், குடிக்கக் கிணறு, தங்கச் சத்திரம். வண்டி போனால்தான் சரக்குப் போகும், சரக்குப் போனால்தான் சுங்கம் வரும், சுங்கம் வந்தால்தான் மொகலாயனுக்குத் திறை கட்டி மீதியில் நாடு நடக்கும். இவ்வளவு யோசனையும் உழைப்பும் ஒரு வெற்றிலையில் முடிந்துவிட்டது. சாலை போட்ட ராஜாவைத் தொலைநோக்காளர் என்கிறோம். சாலை போட்ட ராணிக்குப் பாவம் தீர்க்க வேண்டியிருந்தது என்கிறோம்.

இன்னொரு பேச்சு இதைவிட மோசம். அச்சையா என்ற தளவாயோடு அவருக்குத் தொடர்பு என்ற வம்பு. 1868-இல் மதுரை நாட்டைப் பற்றிப் பெரிய நூல் எழுதிய நெல்சன் துரை அதையும் பதிவு செய்து வைத்தார். கோயில் சித்திரத்தில் அருகே நிற்கும் ஆணைக் காட்டி, “இதோ பார்” என்பார்கள். ஒரு விதவை 17 ஆண்டு நாட்டை ஆண்டால், தினமும் தளவாயோடு பேசாமல் எப்படி ஆள்வது? ஆண் அரசன் மந்திரியோடு தனியே பேசினால் அது ஆலோசனை. மேலே நான் சொன்ன “பின்னாடி யாரு?” என்ற கேள்விக்கு வயது முந்நூறைத் தாண்டிவிட்டது. மாலையில் வேலை முடியாமல் ஊராட்சி அலுவலகத்தில் பொறியாளரோடு உட்கார்ந்து மதிப்பீடு பார்த்த எத்தனையோ தலைவிகளைப் பற்றி ஊரில் என்னென்ன பேச்சு கிளம்பியது என்று எனக்குத் தெரியும். அதில் ஒருவர் அடுத்த தேர்தலில் நிற்கவே மறுத்துவிட்டார். நல்ல குடிநீர்த் திட்டம் ஒன்று அவரோடு நின்றது.

கடைசியில் அவருடைய மரணம். வயது வந்த பேரனுக்கு ஆட்சியைக் கொடுக்கத் தயங்கினார், அவனுடைய ஆட்கள் அவரைச் சிறை வைத்தார்கள், சோற்றைக் கண்ணுக்குத் தெரியும்படியும் கைக்கு எட்டாதபடியும் வைத்துப் பட்டினி போட்டுக் கொன்றார்கள் என்பது மதுரையில் வழங்கும் கதை. 1706 வாக்கில் அவர் காலம் முடிந்தது. இந்தக் கதையை எடுக்கிற எழுத்தாளருக்கு ஒரு பெரும் சோதனை காத்திருக்கிறது. பட்டினியைத் தண்டனை ஆக்கிவிடுவது சுலபம். அதிகாரத்தை விட மனமில்லாத கிழவிக்கு விதி கொடுத்த அடி என்று வாசகர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மூடி வைக்கலாம். தயவுசெய்து அப்படி எழுத வேண்டாம். அவர் ஏன் தயங்கினார் என்று எழுதுங்கள். தயங்கியதற்குக் காரணம் இருந்தது. விஜயரங்கன் பக்தி மிகுந்தவன், கோயில் கோயிலாக யாத்திரை போய்த் தானம் கொடுத்தவன். அவன் ஆட்சியில் நிர்வாகம் தளர்ந்து கஜானா கரைந்தது. அவன் வாரிசில்லாமல் 1732-இல் இறந்தபின் அவன் மனைவி மீனாட்சி ஆட்சிக்கு வந்தார். சந்தா சாகிப் அவரை ஏமாற்றி நாட்டை எடுத்துக்கொண்டார். மங்கம்மாள் போய்ச் சுமார் முப்பது வருடத்தில் மதுரை நாயக்கர் அரசே இல்லை. பாட்டிக்கு எதிரே நின்று “ஆட்சியைக் கொடு” என்று கேட்டவர்களில் யாருக்கு அணை தெரியும், யாருக்குத் திறைக் கணக்குத் தெரியும் என்று அந்த நாவல் கேட்க வேண்டும். அதே சமயம், விட்டுக் கொடுக்க முடியாத பிடிவாதம் அவரிடம் இருந்திருந்தால் அதையும் மறைக்க வேண்டாம். அதிகாரத்தில் பழகிய பெண்ணுக்கு அதிகாரத்தின் நோயும் வரலாம். அதனால் அவர் நம்மைப் போன்ற மனிதர் ஆவார், பெருமை ஒன்றும் குறையாது.

வரலாறு எழுதியவர்கள் தங்கள் பங்கைச் செய்துவிட்டார்கள். சத்தியநாத ஐயர் 1924-இல் மதுரை நாயக்கர் வரலாற்றை நூலாக்கினார். பாதிரியார்களின் கடிதங்களும் செப்பேடுகளும் அச்சில் கிடைக்கின்றன. பொருள் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. வேண்டியது, வாளைவிடக் கணக்கேட்டில் கதை இருக்கிறது என்று நம்பும் ஓர் எழுத்தாளர். அவர் பெண்ணாக இருந்தால் எனக்கு இரட்டிப்பு மகிழ்ச்சி. திருச்சி தர்பார் மண்டபத்தில் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையில் அந்த நாவல் தொடங்கட்டும். பட்டாபிஷேகம் முடிந்து சில வாரம் ஆகியிருக்கும். தொட்டிலில் மன்னன் தூங்குகிறான். ராயசம் எழுதுகிறவர் ஓலையை நீட்டி முத்திரை கேட்கிறார். அரசி முத்திரையைக் கையில் எடுக்காமல், “முதலில் வாசியும்” என்கிறார்.

அதன் பிறகு வரும் 17 ஆண்டுகளை எழுத முன்வருகிறவர் யாராக இருந்தாலும், அவர் என்னிடம் வரலாம். சாலைக்கு மதிப்பீடு போடுவது முதல், தர மாட்டேன் என்று அடம் பிடிக்கிற ஊரில் வரி வசூலிப்பது வரை, பொய்க் கணக்கு எந்தப் பக்கத்தில் ஒளிந்திருக்கும் என்பது வரை, எனக்குத் தெரிந்த அத்தனையையும் உட்கார்ந்து சொல்லித் தருகிறேன்.